நோட்டில் போடாத பக்க எண்

மக்களே,

உன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை வாசித்தேன். விஷயம் நன்றாக வந்திருக்கிறது. அடிக்குறிப்புதான் இடிக்கிறது. 'திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்த மானுவல்? அந்தப் பேரில் ஒன்றுக்கு மேற்பட்ட சமஸ்தான விவர நூல் இருக்கிறதே. நாகம் அய்யாவுடையது 1906-இல் வந்தது, மூன்று தொகுதி. வேலுப்பிள்ளையுடையது 1940, நான்கு தொகுதி. தொகுதியும் பக்கமும் இல்லாவிட்டால் தேர்வாளர் எதைப் புரட்டிப் பார்ப்பார்? உன் கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அந்தப் பதிப்பின் ஆண்டையும் போடு, பக்க எண் மாறியிருக்கும்.

கருத்துத் திருட்டு என்று பிடிபடுவதில் பாதி, ஆய்வேட்டில் நடப்பதில்லை. குறிப்பு நோட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நூலகத்தில் அவசரமாக நாலு வரி எழுதி வைப்போம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது நூலாசிரியர் வரியா நம்முடைய வரியா என்று தெரியாது. அதனால் எழுதும்போதே பிரித்துவிடு: அப்படியே எடுத்தது இரட்டை மேற்கோளுக்குள், சுருக்கி எழுதியதற்கு முன் 'சு', உன் யோசனைக்கு முன் 'என்'. மூன்றில் எதுவானாலும் முதலில் பக்க எண், பிறகுதான் வாசகம்.

சொல்லை மாற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லைப் பற்றி ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்: "பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்த பிறகு கன்னிப்பூ நாற்றங்கால் மழையை நம்பி இருக்கவில்லை, மதகு திறக்கும் தேதியை நம்பி இருந்தது." இதை நீ, "பேச்சிப்பாறை நீர் கிடைத்த பின்னர் கன்னிப்பூ நாற்றங்கால்கள் மழையைச் சார்ந்திராமல் மதகு திறக்கும் நாளைச் சார்ந்திருந்தன" என்று எழுதினால் அது திருட்டுதான். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறதே. கீழே அடிக்குறிப்பு போட்டாலும் வாசகம் உன்னுடையது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். நூலை மூடி வைத்துவிட்டு எழுது: "பருவத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு மழையிடமிருந்து பொதுப்பணித் துறைக்குப் போனது என்பது இந்நூலாசிரியரின் வாதம். கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கும் இது பொருந்துமா என்பதைத் தேரூர்க் குளத்துப் பாசனத்தில் வைத்துப் பார்க்கலாம்." முதல் வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு வேண்டும், இரண்டாவது உன் சொந்தம், வேண்டாம்.

மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதைத் தமிழாக்கிப் போட்டால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. தேர்வாளர் கண்டுபிடிப்பார், அவரும் அதே நூலைத்தான் வாசித்திருப்பார். 'தமிழாக்கம் ஆய்வாளருடையது' என்று ஒரு வரி சேர்த்தால் போயிற்று.

விழுக்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துணைநூற்பட்டியல், நன்றியுரை, உரிய முறையில் காட்டிய மேற்கோள் எல்லாம் கணக்கில் வராது. பொது அறிவோ தற்செயலோ ஆன தொடர் 14 சொல் வரை ஒத்திருந்தால் அதையும் விட்டுவிடுவார்கள். இதைப் பிடித்துக்கொண்டு '14 சொல் வரை எடுக்கலாமாம்' என்று ஹாஸ்டலில் யாராவது சொன்னால் நம்பாதே. 200 பக்க ஏட்டில் ஒரு பக்கம் அப்படியே தூக்கினால் அரை விழுக்காடுதான் காட்டும், திருட்டு திருட்டேதான்.

குமரி 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தது என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டாம், ஊரறிந்தது. எந்த ஆண்டில் எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்றால் கட்டாயம் வேண்டும்.

பழைய நீட்டுகளில், அதாவது திருவிதாங்கூர் அரசாணைகளில், கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கி.பி.க்கு மாற்ற, ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டு, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. அப்போது 1034 ஆவணி 1858, அதே 1034-இன் ஆடி 1859. மூலத்தில் உள்ள ஆண்டை முதலில் எழுதி, நீ மாற்றியதைப் பகர அடைப்புக்குள் போடு. கணக்கில் பிசகினால் பிசகு யாருடையது என்று தெரிய வேண்டும் பாரு.

நீட்டை நீயே பார்க்காமல் வேறொருவர் நூலில் பார்த்திருந்தால் அந்த நூலையும் காட்டு. மூலத்தை மட்டும் போட்டு இடையில் இருப்பவரை மறைப்பது நம் பக்கம் நிறையவே நடக்கிறது; அவர் தேதியைத் தப்பாகப் படித்திருந்தால் அந்தத் தப்பு உன் தலையில் விழும். பறக்கை ஊரில் பெரியவர்களிடம் கேட்டு எழுதியதற்கும் ஊர், தேதி வேண்டும். பேரைப் போடலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்.

நூற்பட்டியல் போடும் மென்பொருளான ஜோட்டிரோவில் நாகம் அய்யாவை இரண்டு கட்டத்தில் பிரித்துப் போட்டிருக்கிறாய். அதனால்தான் பட்டியலில் 'அய்யா, நாகம்' என்று வந்து அகரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பேருக்கு ஒற்றைக் கட்டம் இருக்கிறது, அதில் முழுப் பேரையும் போட்டால் 'ந' வரிசைக்குப் போய்விடும். செயற்கை நுண்ணறிவு கொடுத்த நூல்பட்டியலில் நீ கையில் எடுத்துப் பார்க்காத ஒன்றையும் சேர்க்காதே. இல்லாத நூலுக்கும் அது பதிப்பகம், ஆண்டெல்லாம் போட்டுத் தரும்.

மூன்றாம் இயலைக் கைடுக்குக் கொடுக்கும் முன் குறிப்பு நோட்டின் படத்தோடு எனக்கு அனுப்பு. அடிக்குறிப்பை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துத் தருகிறேன்.

அப்பா
நாகர்கோவில்