நடைபாதைக்கு முன்னால் வாய்க்காலுக்குப் பணம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் ஏரியையும் அதன் கரையில் உள்ள பூங்காவையும் சீரமைக்க நிதி ஒதுக்குவது பற்றி நகராட்சி மன்றத்தில் கொஞ்ச நாளாகப் பேச்சு நடக்கிறது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக 2021-இல் வந்த மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டத்தில் நீர்நிலைகளுக்கும் பூங்காக்களுக்கும் பணம் கேட்க வழி செய்தார்கள், கவுன்சிலர்கள் ஆர்வம் காட்டுவதும் நல்லதுதான். ஆனால் மன்றத்தில் அடிபடுவதெல்லாம் நடைபாதை, அலங்கார விளக்கு, நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

டெல்டாவில் பல ஏரி, குளங்கள் மழையை மட்டும் நம்பி இருப்பவை அல்ல. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து, கடைசியில் மதகு வழியாக உள்ளே வர வேண்டும். பறவைகள் சரணாலயமான வடுவூர் ஏரியும் பாசன ஏரிதான். ஆற்றுத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து அதை நிறைப்பதால்தான் அத்தனை பறவைகள் வந்து இறங்குகின்றன, 2022-இல் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும், அது இடம் பிடித்தது. தஞ்சாவூரில் மழைநீர் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்து, தெளிந்து, பூமிக்கடியில் போட்ட கால்வாய் வழியே சிவகங்கைக் குளத்துக்குப் போகிற மாதிரி அந்தக் காலத்திலேயே செய்து வைத்திருந்தார்கள். நகராட்சி அங்கே பூங்கா அமைத்தது அதற்கு வெகு காலம் கழித்து, 1871-72-இல்தான்.

எங்கள் ஏரியின் வரத்து வாய்க்காலில் பாதி தூரம் குப்பை, மீதி தூரம் வீட்டுக் கழிவுநீர், மதகை அடைத்துக்கொண்டு வெங்காயத்தாமரை. இதைச் சரி செய்யாமல் எவ்வளவு அழகாக நடைபாதை போட்டாலும் சாக்கடை நாற்றத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும். காலையில் நடக்கப் பெரியவர்களுக்கும், ஓடியாடக் குழந்தைகளுக்கும் இடமே இல்லை என்று சில உறுப்பினர்கள் சொல்வது நியாயம். அதற்குக் கரையில் மண் பாதையும், புங்கன், நாவல், மருதம் என்று நிழல் மரங்களும், சுத்தமான ஒரு கழிப்பறையும் போதும். சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஏரியைச் சுருக்க வேண்டாம்.

முதலில் சர்வேயரை வைத்து ஏரியையும் வாய்க்காலையும் அளந்து எல்லைக் கல் நடுங்கள். வாய்க்கால் ஓரம் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களை எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்று இடத்துக்கான செலவையும் மதிப்பீட்டிலேயே சேருங்கள். அப்புறம் தூர்வாருவது. பொக்லைனை இறக்கி ஏரியைக் கிண்ணம் மாதிரி தோண்டிவிடக் கூடாது. ஓரத்தில் ஆழமில்லாத சேற்றுப் பகுதி இருந்தால்தான் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் நின்று இரை தேட முடியும். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், ஆனால் நடுவில் உள்ள திட்டையும் அதில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களையும் தொடாதீர்கள், பறவைகள் கூடு கட்டுவது அங்கேதான்.

இதில் காலம் ரொம்ப முக்கியம். வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும், வாய்க்காலில் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது இடையில் உள்ள நாலரை மாதம். தூர்வாரும் வேலையைக் கோடை முற்றிய பிறகு தொடங்கி, தண்ணீர் வரும் நேரத்தில் அவசர அவசரமாக முடிக்கிறார்கள் என்பது டெல்டா விவசாயிகளின் பழைய வருத்தம். மன்றம் மார்கழிக்குள் தீர்மானம் போட்டு டெண்டர் விட்டால்தான் அறுப்பு முடிந்த கையோடு வேலை தொடங்கும். பராமரிப்புக்கும் வருடா வருடம் தனியாகப் பணம் வேண்டும், ஏனென்றால் வெங்காயத்தாமரை ஒரு தடவை எடுத்தால் ஒழிகிற செடி இல்லை.

கடைசியாக ஒன்று. மன்றத்தில் ஓட்டெடுப்புக்கு முன் மதிப்பீட்டின் நகலை, வார்டு மக்கள் கூடும் ஏரியா சபையில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். ஏரிக்குக் கீழே சாகுபடி செய்கிறவர்களையும், மீன் குத்தகை எடுப்பவர்களையும், நீர்வளத் துறைப் பொறியாளரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வாய்க்கால் உங்களுடையது, ஏரி எங்களுடையது என்று இரண்டு அலுவலகமும் மாறி மாறிக் கை காட்டிக்கொண்டிருந்தால் வந்த பணமும் செலவாகாமல் திரும்பிப் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்.