பில்சன் வரை எங்களைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரிலிருந்து பில்சன் கிராமம் வரை சுமார் 60 மைல். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் தொடக்கத்தில், கொரியப் போரில் கைதியாக இறந்த அமெரிக்க ராணுவச் சாமியார் ஃபாதர் எமில் கபான் பெயரால் மக்கள் இந்தத் தூரத்தை நடந்தே கடக்கிறார்கள். இந்த முறை நானும் நடந்தேன். மூட்டுவலியோடு இருக்கும் அம்மா, பின்னால் வந்த வண்டியில் வந்தார். இரண்டு பேரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து திரும்பிவந்தது உங்களால்தான்.

கூட நடந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன். இது புளியோதரை கட்டிக் கொடுத்த, பெரிய அளவுக் காலணி தேடிக் கொடுத்த, அம்மாவுக்கு மடக்கு நாற்காலி இரவல் தந்த தமிழ்க் குடும்பங்களுக்கு. அப்புறம், "யாரு அந்தச் சாமியார்? பட்டாளத்துச் சாமியாருக்கு எதுக்கு இவ்வளவு நடை?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட சொந்தக்காரர்களுக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில், நடமாடும் கழிப்பறைகளை டிரக்கில் கட்டி இழுத்து வந்தவருக்கு நன்றி. சிரிக்காதீர்கள். சுற்றிலும் பழுத்த கோதுமை வயல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மறைவு கிடையாது. நூற்றுக்கணக்கானவர்கள் நடக்கும் பாதையில் அவரை முதல் ஆளாகச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? அடுத்து, எங்கள் மூட்டைகளை ஒவ்வொரு காலையும் ஏற்றி ஒவ்வொரு மாலையும் இறக்கிய இளைஞர்கள். தண்ணீரும் தர்ப்பூசணியும் கொடுத்தவர்கள். தெரியாதவரின் பாதத்தை மடியில் வைத்துக் கொப்புளத்தைப் பக்குவமாகக் குத்தி, நீரை வடித்து, டேப் ஒட்டிவிட்ட செவிலியர். வழியிலுள்ள பங்கு ஆலயங்களில் இரவுச் சாப்பாடு பரிமாறிய பாட்டிமார்கள். வரிசைக்குக் கொஞ்சம் பின்தங்கி, நடந்தபடியே பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார்கள். சரளைக்கல் சாலையில் கல் நறநறக்கும் சத்தத்தில் என் பாவங்கள் வேறு யார் காதிலும் விழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

அம்மா வந்த வண்டியின் ஓட்டுநரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ராணுவ வீரர், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அம்மா செபமாலையைத் தமிழில் சொல்லத் தொடங்கினால், அவர் தன் சபையில் வழக்கமே இல்லாத அந்தச் செபத்தை ஒரு அட்டையைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசிப்பாராம். மதியம் நிற்கும் இடங்களில் அவர் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஃபாதர் கபானின் கதையை நான் முன்பே படித்திருந்தாலும், அதில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

கபான் 1916 ஏப்ரல் 20இல் பில்சனில் பிறந்தவர். பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய செக் விவசாயக் குடும்பம். 1940இல் குருப்பட்டம் பெற்றுத் தன் சொந்த ஊர்ப் பங்கிலேயே வேலை பார்த்தார். 1944இல் ராணுவத்தில் ஆன்ம குருவாகச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் பர்மாவிலும் இந்தியாவிலும் இருந்தார். "நம்ம நாட்டுக்கு வந்தவரா!" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். அதன்பின் அம்மாவுக்கு அவர் வேற்று நாட்டுச் சாமியார் இல்லை.

1950 ஜூலையில் கொரியப் போருக்குப் போனார். ஆன்ம குரு ஆயுதம் எடுப்பதில்லை. கபான் மிதிவண்டியிலும் ஜீப்பிலுமாக முன்னணி வரை போவார், ஜீப்பின் முன்மூடியைப் பீடமாக்கிப் பூசை வைப்பார். அந்த ஆண்டு அக்டோபரில் எடுத்த அந்தப் புகைப்படத்தை இங்கே காணாத வீடு குறைவு. நவம்பர் 1, 2 தேதிகளில் உன்சான் என்ற இடத்தில் சீனப்படை அவருடைய பட்டாலியனைச் சுற்றி வளைத்தது. தப்பிப்போக வழி இருந்தபோதும் காயம்பட்டவர்களோடு அங்கேயே தங்கிவிட்டார். காயம்பட்டுக் கிடந்தவர்களில் ஒரு சீன அதிகாரியும் இருந்தார். அவரிடம் பேசி, மற்றவர்களைச் சுடாமல் சிறைபிடிக்கும்படி ஏற்பாடு செய்தார் கபான். ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜென்ட் கணுக்கால் உடைந்து கிடந்தார். அவர் தலைக்கு நேராக ஒரு சீன வீரர் துப்பாக்கியை நீட்டியிருந்தார். கபான் நேரே போய் அந்த ஆளை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். துப்பாக்கி வைத்திருந்தவர் ஏன் சுடவில்லை என்பது மில்லருக்கே கடைசி வரை விளங்கவில்லை.

இந்தச் செயலுக்காகத்தான் 2013 ஏப்ரல் 11இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கத்தை அதிபர் ஒபாமா கபானின் தம்பி மகனிடம் கொடுத்தார். மில்லர் அன்று உயிரோடு இருந்தார். பதக்கம் சரிதான். ஆனால் வண்டியோட்டிய பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. "போர்க்களத்தில் ஒரு நிமிடம் தைரியம் வரும். அந்தக் குளிர்காலம் முழுக்க எப்படி வந்தது?" என்றார். எனக்கும் அதுதான் கேள்வி.

யாலு ஆற்றங்கரையில் பியோக்டாங் கைதி முகாம். பட்டினி, கடுங்குளிர், வயிற்றுப்போக்கு. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கூரைத் தகரத்தைக் கல்லால் அடித்துப் பாத்திரமாக்கி, அதில் பனியை உருக்கிக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுத்தார் கபான். எழ முடியாதவர்களின் அழுக்குத் துணியைத் துவைத்தார். அவர்களின் பேன் எடுத்தார். இரவில் காவலர் கண்ணுக்குத் தப்பிச் சோளமும் தானியமும் திருடி வந்து பங்கிட்டார். திருடப் போகும்போது, இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்வன் தீஸ்மாஸிடம் வேண்டிக்கொள்வாராம். அதிகாரிகளையும் சாதாரண வீரர்களையும் தனித்தனியாக அடைத்திருந்தும் ஒளிந்து ஒளிந்து எல்லாக் குடிசைக்கும் போனார். 1951 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) விடியலில், மதத்தைப் பழித்து வகுப்பெடுத்த காவலர்களின் முன்னாலேயே செபம் நடத்தினார். அப்போது அவருக்கே காலில் ரத்தக்கட்டு, உடம்பில் ஒன்றுமில்லை. கடைசியில் காவலர்கள் அவரை 'மருத்துவமனை'க்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தூக்கிப்போன சக கைதிகளிடம், தான் எப்போதும் போக விரும்பிய இடத்துக்கே போவதாகவும், அழ வேண்டாம் என்றும் சொன்னார். மே 23இல் இறந்தார். வயது 35.

இப்போது என் நன்றி கொஞ்சம் தூரம் போகிறது. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கபான் முகாமிலிருந்து எதையும் எழுதி அனுப்பவில்லை. 1953இல் விடுதலையான கைதிகள் வெளியே வந்ததும் முதல் வேலையாக அவரைப் பற்றிப் பேசினார்கள். மைக் டவ் என்ற அதிகாரி 1954இலேயே பத்திரிகையில் எழுதினார். பதக்கத்துக்காகப் பல பத்தாண்டுகள் விடாமல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். இந்த மனிதர்களில் பலர் கத்தோலிக்கர் இல்லை. புனிதர் பட்டம் என்ற ஏற்பாடே சிலருடைய சபையில் கிடையாது. இருந்தும், விச்சிட்டா மறைமாவட்டம் சாட்சியம் கேட்டபோது வயதான காலத்தில் அந்த முகாமை மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்து சொன்னார்கள்.

ஜெரால்ட் ஃபிங்க்கை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கடற்படைக் காலாள் பிரிவின் விமானி, யூதர். அவர் முகாமுக்கு வந்தபோது கபான் இறந்துவிட்டார், பார்த்ததே இல்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டே, அடுப்பு விறகில் ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், செதுக்கினார். முள்முடிக்கு ரேடியோக் கம்பி. ஒரு யூதர், பார்த்தறியாத கத்தோலிக்கச் சாமியாரின் நினைவாக, பசியோடு மாதக்கணக்கில் செதுக்கியது அது. கைதிகள் அதைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே நடந்தார்கள். பிறகு விச்சிட்டாவில் ஃபாதரின் பெயரிலுள்ள உயர்நிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் இருந்தது. இந்த மடலில் நன்றி சொல்லும் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போகக் கூடாது.

அடுத்து, ஹவாயில் உள்ள ஆய்வகத்துக்காரர்கள். ஃபாதரின் உடல் யாலு கரையிலேயே கூட்டுக்குழியில் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். உண்மையில், போருக்குப் பின் வடகொரியா திருப்பி அனுப்பிய எலும்புகளில் அவருடையதும் இருந்திருக்கிறது. பெயர் தெரியாத வீரராக ஹொனலூலு கல்லறையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். அங்கிருந்த அடையாளம் தெரியாத கொரியப் போர் வீரர்களைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கும் வேலையில், பல்லையும் எலும்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2021 மார்ச்சில் இவர்தான் என்று சொன்னார்கள். அவர்கள் தேடியது புனிதரை இல்லை, ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும். அந்த ஆண்டு செப்டம்பர் 29இல் விச்சிட்டாவில் அடக்கத் திருப்பலி. குதிரை வண்டியில் பேராலயத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்தார்கள். புறப்படும் முன் அம்மாவை அந்தக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு சிறு சிக்கல். அம்மா வழக்கப்படி பூமாலையும் மெழுகுத்திரியும் வாங்கி வரச் சொன்னார். கபான் இன்னும் புனிதர் இல்லை, அதற்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவரும் இல்லை. அந்த நிலைக்கு முன் திருச்சபை பொது வணக்கத்தை அனுமதிப்பதில்லை. தனிப்பட்ட முறையில் அவருடைய பரிந்துரையைக் கேட்கலாம், அவ்வளவுதான். இதை அம்மாவுக்கு நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். பேராலயத்தில் பொறுமையாக உட்கார்ந்து விளக்கிய தன்னார்வலப் பெண்மணிக்கு நன்றி. பூ எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் போனது.

புனிதர் பட்ட விஷயம் எங்கே வந்து நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு: 1993இல் அந்தப் பாதையின் முதல் படியான இறை ஊழியர் ஆனார். 2008இல் விச்சிட்டா மறைமாவட்டம் முறையான விசாரணையைத் தொடங்கியது. மறைசாட்சி என்று அறிவிப்பதில் சிக்கல் உண்டு. விசுவாசத்தை வெறுத்துக் கொன்றார்கள் என்று காட்ட வேண்டும், இவரோ நோயிலும் பட்டினியிலும் இறந்தவர். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிறருக்காக உயிரைக் கையளித்தவர்களுக்கென்று தனி வழி ஒன்றைத் திறந்தார். அந்த வழியில்தான் 2025 பிப்ரவரி 25இல் அடுத்த படியான வணக்கத்திற்குரியவர் என்ற அறிவிப்பு வந்தது. திருத்தந்தை அப்போது ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் படுத்திருந்தார். அதே பட்டியலில் அதே வழியில் இன்னொருவர், சால்வோ டி'அக்விஸ்தோ. 1943இல் ரோமுக்கு அருகே, பிணையாளிகளை விடுவிக்கப் பழியைத் தன்மேல் ஏற்று ஜெர்மானியரின் குண்டுக்கு இரையான இத்தாலியக் காவலர். இனி, முத்திப்பேறு பட்டத்துக்கு கபானின் பரிந்துரையால் நடந்த ஒரு புதுமையை (அற்புதத்தை) ரோம் ஏற்க வேண்டும். கான்சஸில் குணமடைந்த சிலரைப் பற்றி மருத்துவர்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். முடிவு ரோமின் கையில்.

"போரை ஆசீர்வதிக்கிற சாமியாரிடம் போய் வேண்டுவதா?" என்று கேட்ட நண்பருக்கும் ஒரு வரி. கேள்வி நியாயமானது. நானும் போரைப் பெருமையாக நினைப்பவன் இல்லை. நான் வேண்டிக்கொள்வது பேன் எடுத்த, துணி துவைத்த அந்த மனிதரிடம். துப்பாக்கியோடு நின்றவரின் எதிரில் அவர் வெறுங்கையோடு போனார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்சன் மிகச் சிறிய ஊர். புனித நெப்போமுக் அருளப்பர் ஆலயக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும், அதனாலேயே கடைசி மைல்கள் முடிவதே இல்லை. வாசலில், காயம்பட்ட வீரரைத் தாங்கி நிற்கும் கபானின் சிலை. பங்குவீட்டிலுள்ள காட்சியகத்தில் அம்மாவுக்காக மெதுவாகப் பேசி, படிக்கட்டில் கைபிடித்து ஏற்றிவிட்ட அம்மையாருக்கு நன்றி. திருப்பலிக்குப் பின் கோலாச்சே இனிப்பு ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தவருக்கு இரட்டை நன்றி, ஒன்று என் மகள் சார்பில்.

சரி, மிச்ச விஷயம். மடக்கு நாற்காலி பத்திரமாக இருக்கிறது, ஞாயிறு பூசைக்குக் கொண்டுவருகிறேன். நீலமூடி போட்ட பெரிய டப்பா யாருடையது என்று தெரியவில்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது. அடுத்த ஜூனில் நடக்க நினைப்பவர்கள் இப்போதே காலணியை வாங்கிப் போட்டுப் பழக்குங்கள். வண்டியில் முன் இருக்கை வேண்டாம், அது அம்மாவுக்கென்று அந்த மெதடிஸ்ட் பெரியவர் இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடனும் நன்றியுடனும்,
விச்சிட்டாவிலிருந்து உங்களில் ஒருவன்