மாடு முட்டினாலும் உயிர் உயிர்தான்

ஐயா,

எங்கள் ஊரில் 72 வயதுப் பெரியவரைக் காளை கொம்பால் வயிற்றில் குத்திவிட்டது. ஓர் அங்குலக் காயம்தானே என்று மஞ்சளை அப்பித் துண்டால் கட்டி, சோடாவும் கொடுத்தோம். உள்ளே குடல் கிழிந்திருந்தது. தாலுகா மருத்துவமனையில் அன்றிரவு மயக்க மருத்துவர் இல்லை. மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சேர நான்கு மணி நேரம். எப்படியோ பிழைத்தார்.

தண்ணீர்கூடத் தரக் கூடாது, குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடி 108-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். அந்தச் சீட்டையும் எடுத்துப் போகவில்லை.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை உண்டு. மாடு முட்டியவருக்கும் அதை நீட்டியுங்கள். தாலுகா மருத்துவமனைகளில் இரவிலும் அறுவை சிகிச்சை நடக்கட்டும்.

– ஒரு வாசகர்