அண்ணா, திங்கட்கிழமையிலிருந்து பாப்பா உன் வண்டியில் வர மாட்டாள்

அண்ணா,

திங்கட்கிழமையிலிருந்து பாப்பா காலாப்பட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொள்வாள். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய், நேரில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களும் உன் சங்கத்து ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

2018 ஆடி வெள்ளி. ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரியாங்குப்பத்தில் அம்மா உன் வண்டியிலிருந்து விழுந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கழிந்த ஒன்பது நாளையும் இங்கே எழுத மாட்டேன், அது நம் வீட்டோடு இருக்கட்டும். ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன் வாசலில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாய்.

அம்மா ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள், அண்ணா. முந்தின வருஷம் நான் வாங்கிக் கொடுத்த மெரூன் கலர் ஹெல்மெட். தலையில் வைத்தும் பார்த்தாள். கொண்டையில் இரண்டு முழம் மல்லி, நடுவில் கனகாம்பரம். ஹெல்மெட் உள்ளே இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். "கழட்டும்மா, பூவெல்லாம் நசுங்குது, அம்மன் கோயிலுக்கு இப்படியா போவ" என்று சொன்னது நான். அவள் கையிலிருந்து வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்ததும் நான். நீ "லேட் ஆவுது" என்று மட்டும்தான் சொன்னாய். முதலியார்பேட்டையிலிருந்து வீராம்பட்டினம் என்ன தூரம் என்று நான் நினைத்தேன். அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து முந்தானையை மடியில் இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்குக் கையசைத்தாள்.

சாவு வீட்டில் எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். "பார்த்து ஓட்டியிருக்கலாம்" என்று பெரியவர்கள் உன் காதுபடச் சொன்னபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த ஹெல்மெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏழு வருஷமாகத் திறக்கவில்லை. நீ முப்பதைத் தாண்டி ஓட்டியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அம்மா பின்னால் இருந்தால் நீ ஆமை. மன்னித்துவிடு.

ஆனால் நானும் கேட்கிறேன். அம்மாவுக்கு முதல் திவசம்கூட வரவில்லை, அதற்குள் ஹெல்மெட் எதிர்ப்புக் கூட்டத்துக்கு எப்படி உன்னால் போக முடிந்தது?

2019 பிப்ரவரி. நம் புதுச்சேரியில் ஹெல்மெட் கட்டாயம் என்று அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ரோட்டில் இறங்கி வண்டிகளை நிறுத்துகிறார். சட்டசபைக்குப் பக்கத்தில் எம்.எல்.ஏ.க்கள் ஹெல்மெட்டைப் போட்டு உடைக்கிறார்கள். அப்போதைய முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் உட்காருகிறார். டி.வி.யில் அந்தக் கூட்டத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். கை தட்டிக்கொண்டிருந்தாய். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

உன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டுப் போட்டு நாம் கொண்டுவந்த அரசாங்கம் இருக்கும்போது ஆளுநர் ஏன் உத்தரவு போட வேண்டும் என்று கேட்டாய், சரியான கேள்வி. முதலில் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், அப்புறம் பிடியுங்கள் என்றாய், அதுவும் சரி. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கு அது என்ன அடி என்று எனக்குப் புரியாதா? ஆனால் "என் தலை, என் உயிர், எவன் கேக்கறது" என்று டீக்கடையில் பேசினாயே, அதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்றைக்கு அடிபட்டது உன் தலையா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு ஓட்டுகிறவரோடு பின்னால் உட்காருகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அம்மா அன்றைக்கு உன் வண்டியில் ஏறுவதற்கு எவ்வளவோ வருஷம் முன்பே அந்தச் சட்டம் வந்துவிட்டது.

ஏன் போனாய் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஹெல்மெட் காப்பாற்றும் என்று ஒப்புக்கொண்டால், அன்றைக்கு அது இருந்திருந்தால் என்ற கேள்வி வந்துவிடும். அது வரக்கூடாது என்றுதான் போனாய். தப்பாக இருந்தால் திட்டு. எனக்கு அந்தக் கேள்வி தினமும் வருகிறது. பின்னாலிருந்து விழுகிறவருக்குப் பின்மண்டை தரையில் மோதலாம் என்று டாக்டர் சொன்னார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோல் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளுமாம். பூ நசுங்கும் என்று கழட்டச் சொன்னவளிடம் இதைச் சொல்கிறார். சரியான ஹெல்மெட் போட்டால் சாவு நூற்றுக்கு 42 குறையும், தலைக்காயம் 69 குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அந்த 42-இல் அம்மா இருந்திருப்பாளா, மிச்சம் 58-இல் இருந்திருப்பாளா? ராத்திரியில் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.

பாப்பா போன வாரம் சாதாரணமாகச் சொன்னாள்: "மாமா கோட்டக்குப்பம் வந்ததும் ஹெல்மெட் மாட்டுவார்மா, காலாப்பட்டு வந்ததும் கழட்டிடுவார்." இடையில் அந்தக் கொஞ்ச தூரம் தமிழ்நாடு, அந்தப் போலீஸுக்காக மட்டும். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அவள் சொன்னபோது என் வயிறு எரிந்தது. போலீஸுக்காகப் போட முடிகிற உனக்கு, அம்மாவை நினைத்து மிச்ச தூரமும் போட முடியாதா? பின்னால் உட்காருகிற பிள்ளைக்கு ஒன்று கொடுக்க முடியாதா? 2025 ஜனவரியில் மறுபடியும் கட்டாயம் என்றார்கள், அப்போதும் நீ மாறவில்லை.

அவள் உன் வண்டியில் போவதுதான் அவளுக்குப் பிடிக்கும். வழியெல்லாம் நீ பேசும் கதையை ராத்திரி எனக்கு நடித்துக் காட்டுவாள். அப்பா இல்லாத பிள்ளைக்கு நீ செய்ததை நான் மறக்க மாட்டேன். அதனால்தான் இதை முடிவு பண்ண எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

நேற்று இரண்டு ஹெல்மெட் வாங்கினேன், இரண்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது. ஒன்று அவளுக்கு. இன்னொன்றை அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு தலையிலும் ஹெல்மெட் இருந்தால், பட்டையும் மாட்டியிருந்தால், மறுநாளே அவள் உன் பின்னால் ஏறிக்கொள்வாள். உனக்கு அப்பா மாதிரி பெரிய தலை என்று அம்மா சொல்வாள் இல்லையா, அதை வைத்துத்தான் பெரிய சைஸாக எடுத்தேன். இறுக்கமாக இருந்தால் மாற்றிக்கொள். பில் உள்ளேயே இருக்கிறது.

உன் தங்கச்சி