கதிருக்கு: அந்த கேசட் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட வீசாதே

அன்புள்ள கதிர்,

நியூ ஜெர்சியில் நீ குடிபோன வீட்டு பேஸ்மென்ட்டில் யாரோ விட்டுப்போன பெட்டி, உள்ளே நூற்றுச் சொச்சம் கேசட், எல்லாவற்றிலும் பேனாக் கிறுக்கல், குப்பையில் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகர் ஒருவரின் பெட்டி. அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இப்படிப் பல பெட்டிகள் வெளியே வரும். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் 1965-இல் தொடங்கிய குழு அது. அதன் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெரி கார்சியா இறந்த 1995 வரை ஏறக்குறைய 2,300 கச்சேரி செய்தார்கள். நேற்று பாடிய வரிசை இன்று இருக்காது. நேற்று எட்டு நிமிடத்தில் முடிந்த பாட்டு இன்று இருபது நிமிடம் போகும். அதனால் டெட்ஹெட்டுகள், அதாவது அவர்களுடைய தீவிர ரசிகர்கள், ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். சிலர் மைக் வைத்துப் பதிந்தார்கள். மேடை ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவருக்கு மேடையே தெரியாத அளவுக்கு மைக் ஸ்டாண்டுகள் பெருகியபோதும் குழு அவர்களை விரட்டவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லியில் தொடங்கி, மிக்ஸருக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். நிபந்தனை இதுதான்: நகல் எடு, மாற்றிக்கொள், காசுக்கு விற்காதே.

அந்தச் சொல்லை இந்தக் கூட்டம் காப்பாற்றிய விதம்தான் எனக்குப் பெரிது. புதிதாக வருபவரிடம் மாற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெற்று கேசட்டையும், திரும்பி வருவதற்கான தபால்தலையையும் உறையில் போட்டு அனுப்புவார். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்து நகல் எடுத்து அனுப்புவார். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவார்கள்: வழியில் உடையும், எடையும் கூடும். உன் பெட்டியில் டப்பாக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது அதனாலாக இருக்கும்.

இப்போது அட்டையைப் படி. 5/8/77 என்றால் ஆகஸ்ட் 5 இல்லை, மே 8. அங்கே மாதம்தான் முன்னால் வரும். 'எஸ்பிடி' (SBD) என்றிருந்தால் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது. 'ஏயுடி' (AUD) என்றால் கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்தது. முன்னதில் குரல் காதருகே இருக்கும், பின்னதில் அரங்கமே கேட்கும். எஸ்பிடிதான் உசத்தி என்று பலர் சொல்வார்கள். நல்ல மைக்கும் நல்ல இடமும் அமைந்த ஏயுடியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு பாட்டுப் பெயர்களுக்கு நடுவே அம்புக்குறி இருந்தால் நிறுத்தாமல் அடுத்ததற்குள் போயிருக்கிறார்கள். இரட்டைச் சாய்கோடு இருந்தால் அந்த இடத்தில் பதிவு அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரம். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தானே, கச்சேரியின் இரண்டாம் பாதி அதைத் தாண்டி ஓடும். கடைசியில் டேப் மிச்சமிருந்தால் வேறொரு நாள் கச்சேரியிலிருந்து கொஞ்சம் போட்டு நிரப்புவார்கள். அது எந்த நாள் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பார்க்காமல் விட்டால் இரண்டு ஊரை ஒரே தேதியில் சேர்த்துவிடுவாய்.

மூலையில் ஒரு சின்ன எண் இருக்கிறதா? மூலப்பதிவிலிருந்து அது எத்தனையாவது நகல் என்ற கணக்கு. ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறும், டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஒலி மழுங்கும். அந்த எண்ணையும், எந்த மைக், எந்த ரெக்கார்டர் என்பதையும் டேப்பைக் கேட்டு உறுதியாகச் சொல்ல முடியாது. காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் படம் எடுத்து, கேசட்டுக்கும் அட்டைக்கும் ஒரே எண் போட்டுவை.

பிறகு கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தட்டுகளையும் உடைத்துவிடு. கை தவறிப் பதிவுப் பொத்தான் பட்டாலும் அழியாது. நாடாவின் பின்னால் பஞ்சு வைத்த சிறு பித்தளைப் பட்டை தெரியும். பசை காய்ந்து பஞ்சு விழுந்திருந்தால் ஒலி கம்மும், விட்டுவிட்டு வரும். மேக்ஸெல் கூடு பெரும்பாலும் ஐந்து திருகு போட்டது. கழற்றி உருளைகளை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். முழுவதும் ஒருமுறை முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்று, ஒட்டியிருந்த நாடா தளரும். கேசட்டை ஓட்டும் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடை. மோனோவில் கேட்டுக்கொண்டே ஹெட்டின் பக்கத்துத் திருகை நூலளவு திருப்பி, சிம்பல் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்து. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு டெக்கில் பதிந்தது. டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பியை அணைத்துவை, அட்டையில் டால்பி என்று எழுதியிருந்தால் மட்டும் போடு. டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பியில் ஓட்டினால் மேல்ஸ்தாயி கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும்.

கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதி. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒலி எதையும் இழக்காத ஃபிளாக் (FLAC) வடிவத்தில் சேமி, எம்பி3 கூடாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடவே தொடாதே, அரங்கத்தின் காற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். வேகத்தைச் சரிபார்: 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். முடித்ததும் அட்டையில் உள்ளதையும் நீ வைத்த டெக், கருவி எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் வை.

எதில் தொடங்குவது? அந்த 5/8/77-இல். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்தது அது. மிக்ஸரில் அதைப் பதிந்தவர் பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன். அவருடைய ரீல்கள் 1986-இல் கிடங்கு ஏலத்தில் கைமாறி, பிறகு நகலாகப் பரவின. 2017-இல் அதிகாரப்பூர்வமாகவும் வெளியாகிவிட்டது. டெட்ஹெட்டுகள் மிக அதிகம் கொண்டாடும் கச்சேரிகளில் ஒன்று, அதனாலேயே உன் பெட்டியில் பயமில்லாமல் கைபழகக்கூடிய கேசட்டும் அதுதான். நீ சொதப்பினாலும் உலகத்துக்கு நஷ்டமில்லை. கை பழகிய பிறகு, யாரும் பேசாத ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவின் ஏயுடிகளைத் தொடு.

அன்புடன்,
சித்தப்பா