பெரியப்பாவுக்குப் பதில் எழுதும் முன்

ஆர்.கே.புரம், தில்லி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

வீட்டு வாட்ஸப் குழுவில் பூமி சூடாவதைப் பற்றி உனக்கும் பெரியப்பாவுக்கும் நடந்த வாக்குவாதத்தை முழுக்கப் படித்தேன். "பழைய வெப்பநிலைக் கணக்கையெல்லாம் விஞ்ஞானிகள் திருத்துகிறார்கள்" என்று அவர் போட்டார். நீ "அப்படியெல்லாம் கிடையாது" என்று எழுதினாய். அங்கேதான் சறுக்கினாய். திருத்துகிறார்கள். திருத்தாமல் விட்டால்தான் தப்பு. எதை, ஏன், எந்தப் பக்கமாகத் திருத்தினார்கள் என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

தில்லியையே எடுத்துக்கொள். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. அதே நாள் தில்லியின் முக்கிய நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8. நாட்டிலேயே பதிவான உச்சம் 2016இல் ராஜஸ்தானின் பலோடியில் வந்த 51 தான். ஒரே ஊருக்குள் ஆறு டிகிரி இடிக்கிறது என்றால் வெயிலைப் பார்க்கும் முன் கருவியைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் குழு போய், தரக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று சில நாளிலேயே அறிவித்தார்கள். ஊரைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால், உலகமே தலைப்புச் செய்தியாக்கிய ஓர் எண்ணைத் தாங்களே எதற்குக் குறைக்கிறார்கள்?

வெப்பமானி பொய் சொல்லும் விதங்கள் ஓரளவுக்குத் தெரிந்தவைதான். வெள்ளையடித்த, பலகணி வைத்த மரப்பெட்டிக்குள், சுமார் நாலடி உயரத்தில், புல்தரையின் மேல் அது இருக்க வேண்டும். நம் பக்கத்தில் கதவு வடக்கு பார்த்திருக்கும். திறந்து படிக்கும்போது வெயில் உள்ளே விழக்கூடாது. வெள்ளை மங்கினால் கூடும். பக்கத்தில் சிமெண்டுத் தளம் போட்டால் கூடும். நிலையத்தையே ஊருக்கு வெளியே மாற்றினால் ஒரே நாளில் தடாலென்று குறையும். சுற்றியுள்ள பத்து நிலையங்களில் அந்தக் குறைவு இல்லையென்றால், குளிர்ந்தது ஊரல்ல, இடம்தான் மாறியது. பதிவில் விழும் அந்தப் படிக்கட்டைச் சமன் செய்வதைத்தான் பெரியப்பா 'ஜோடிப்பு' என்கிறார்.

அவருக்குச் சாதகமான உதாரணம் ஒன்றும் உண்டு. அதை மறைக்காதே. அமெரிக்காவில் தன்னார்வலர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் மாலையில் அளவு பார்த்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காலைக்கு மாறினார்கள். உச்ச வெப்பமானியின் குறி, நாம் இறக்கி வைக்கும்வரை ஏறிய இடத்திலேயே நிற்கும். மாலையில் 41 டிகிரி இருக்கும்போது இறக்கினால் 41க்குக் கீழே இறங்காது. மறுநாள் மழை பெய்து 36ஐத் தாண்டாவிட்டாலும் அது 41 என்றே சொல்லும். ஒரு வெயிலுக்கு இரண்டு நாள் கணக்கு. காலையில் பார்த்தால் குளிர் இரண்டு முறை எண்ணப்படும். ஆக, நேரம் மாறியதால் மட்டுமே பதிவு குளிர்ந்தது. அதைச் சரிசெய்தபோது அமெரிக்காவின் வெப்ப உயர்வு கூடித்தான் போனது.

கடலில் கதை தலைகீழ். அந்தக் காலக் கப்பல்களில் கான்வாஸ் வாளியைக் கயிற்றில் இறக்கி, தண்ணீரை மேல்தளத்துக்கு இழுத்து, வெப்பமானியை விடுவார்கள். அந்தச் சில நிமிஷத்தில் ஈரக் கான்வாஸில் காற்று பட்டு நீர் ஆவியாகும். உள்ளே இருப்பது குளிரும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பது எதனாலோ அதனால்தான். பிற்பாடு என்ஜின் அறைக்குள் வரும் நீரை அளந்தார்கள். அது கொஞ்சம் சூடு. இரண்டையும் அப்படியே ஒட்டினால் கடல் தாறுமாறாகச் சூடானதுபோல் தோன்றும். அதனால் பழைய வாளி அளவுகளை உயர்த்தினார்கள். பூமியில் முக்கால் பங்கு கடல் என்பதால், நிலம் கடல் எல்லாத் திருத்தத்தையும் கூட்டிக் கழித்தால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உலக வெப்ப உயர்வு குறைகிறது. திருத்தாத கணக்குத்தான் அதிகம் பயமுறுத்தும். பெரியப்பா இதை நம்ப மாட்டார், வாளியிலிருந்து ஆரம்பி.

2035 விஷயத்தில் மட்டும் அவரோடு மல்லுக்கு நிற்காதே. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போகக்கூடும் என்று, ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை, ஆசியா அத்தியாயத்தில் எழுதியது. அதற்கு ஆதாரம் ஆய்விதழ்க் கட்டுரை அல்ல. ஒரு தொண்டு நிறுவன அறிக்கை, அதற்குப் பின்னால் 1999இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. ரஷ்யப் பனியாற்று அறிஞர் கோட்லியாகோவ் 1996இல் எழுதியதோ 2350. பனியாறுகள் அப்படி அசாதாரணமாக உருகவில்லை என்ற பனியாற்று ஆய்வாளர் வி.கே.ரெய்னாவின் அறிக்கையை 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டபோது, ஐபிசிசி தலைவர் பச்சௌரி அதை 'வூடூ விஞ்ஞானம்' என்று தூக்கியெறிந்தார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. தப்பை விட அந்த வாய்த்துடுக்குதான் நம்பிக்கையைக் கெடுத்தது என்பது என் எண்ணம். பனியாறுகள் உருகத்தான் செய்கின்றன, ஆனால் அந்த வேகத்தில் இல்லை.

இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து 2009இல் திருடப்பட்ட, காலநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களும் அப்படித்தான். அவற்றில் ஒன்றில் 'சரிவை மறை' என்றது வெப்பநிலைச் சரிவை அல்ல. 1960க்குப் பிறகு பழங்கால வெப்பத்தைக் கணிக்க உதவும் மர வளையங்களில் சில வடக்கத்தியவை வெப்பமானியோடு ஒத்துப்போகாததை. ஆனால் அதை விளக்காமல் படம் போட்டது தவறான எண்ணம் தரும் என்று விசாரணைக் குழுவே சொன்னது. அதையும் சொல்லிவிடு.

'எல்லாரும் ஒரே கூட்டம்' என்பார். ஸ்பென்சர், கிறிஸ்டி என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளின் செயற்கைக்கோள் வெப்பநிலைப் பதிவு, சந்தேகக்காரர்கள் பல காலம் கொண்டாடியது. கோளின் பாதை மெல்லத் தாழ்வதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998இலும், அது ஓர் இடத்தைக் கடந்துபோகும் நேரம் நகர்வதைத் தப்பாகச் சரிசெய்திருக்கிறார்கள் என்று 2005இலும் வேறு ஆட்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு தடவையும் திருத்தியபின் வெப்ப உயர்வு கூடியது. ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் பழைய பதிவுகளை நம்பாமல், எண்ணெய்த் தொழில் கோக் குடும்பத்து அறக்கட்டளைப் பணமும் வாங்கிக்கொண்டு, எல்லா நிலையங்களையும் முதலிலிருந்து கணக்கிட்டார். 2012இல் அவருக்கும் அதே கோடுதான் வந்தது. காசு கொடுத்தவர் யார் என்று பார். ஆனால் அதோடு நிறுத்திவிடாதே.

1998இல் ஆரம்பிக்கும் வரைபடம் ஏதாவது அனுப்பினால், 1990இலிருந்து போடச் சொல். 1998 எல் நினோ உச்ச வருஷம், அதாவது பசிபிக் கடல் சூடேறி உலகமே வழக்கத்தைவிடச் சூடான வருஷம். அங்கிருந்து பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மட்டும் வரைந்தால் சப்பையாகத் தெரியும்.

இதையெல்லாம் குழுவில் கொட்டாதே. பத்துப் பேர் பார்க்க அவர் இறங்கி வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு. முதலில் 2035ஐ ஒப்புக்கொள், அப்புறம் வாளிக்கு வா.

அன்புடன்,
அப்பா