பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்

பெங்களூரில் மெட்டல் (ஹெவி மெட்டல் ராக் இசை) கச்சேரி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கச்சேரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேடைக்குப் பின்னால் நின்றவர்கள் நீங்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். கேட்பது ஒன்றுதான்: முக்கியக் குழு எத்தனை மணிக்கு மேடையேறும் என்று முன்னாடியே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு ஏற்றுங்கள்.

நான் ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். வீடு கிருஷ்ணகிரி. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடன் வாங்கிக்கொண்டு வந்தவன். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா குழுவின் கச்சேரிக்கும் வந்தேன். இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்க வேண்டிய அவர்களுடைய கச்சேரி கடைசி நேரத்தில் நின்றுபோயிருந்தது. அதனால் மேடையில் ஆளைப் பார்க்கும்வரை வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது. காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான் இதெல்லாம்.

இந்த முறை என் அக்கா பையனையும் கூட்டி வந்தேன். பத்தொன்பது வயது. போன வருட மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலையில் வேலை செய்து பழைய கிதார் ஒன்று வாங்கினான். இந்த சீசன் கூலியை அப்படியே டிக்கெட்டுக்குக் கொடுத்தான். அந்த டிக்கெட்டில் நீங்கள் போட்டிருந்தது ‘கேட் திறப்பு மாலை 3 மணி’ என்ற ஒரே வரி. நேரம் தெரியாததால் நான் ஷிஃப்டை விட்டு, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுக் காலையிலேயே கிளம்பினேன். மூன்று மணிக்கு உள்ளே போனோம். தொடக்கக் குழு ஆறரைக்கு முடித்தது. அப்புறம் எட்டே முக்கால்வரை மேடையில் யாரும் இல்லை. ஏன் தாமதம், எப்போது தொடங்கும் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்ல உங்களில் ஒருவர்கூட வரவில்லை.

சரியாகப் பத்து மணி. முக்கியக் குழுவில் கிதார் வாசிப்பவர் அடுத்த பாட்டுக்காக வேறு கிதாரை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். ஓரத்திலிருந்து ஒருவர் ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் கிதாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வெள்ளை விளக்குகள் எரிந்தன. “மாமா, இன்னும் அஞ்சு பாட்டு இருக்கு மாமா,” என்றான் பையன். மற்ற ஊர்களில் அவர்கள் வாசித்த பாட்டு வரிசை அவனுக்கு மனப்பாடம். கடைசிப் பாட்டின் கிதார் பகுதியை நான்கு மாதமாகப் பழகி, இடது கை விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்திருந்தது. சில்க் போர்டில் பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை அவன் பேசவில்லை. அந்த விரல்கள் மட்டும் தொடைமேல் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டே வந்தன.

பத்து மணிக்கு நிறுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. மைதானத்தைச் சுற்றி வீடுகள் இருக்கின்றன, குழந்தைகள் தூங்க வேண்டும். நியாயமான விதி. ஆனால் முடிகிற நேரம் உங்கள் கையில் இல்லை என்றால், தொடங்குகிற நேரத்தையாவது இறுக்கிப் பிடித்திருக்க வேண்டாமா? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடத்துகிறவர்கள் நோட்டீஸ் அடிக்கும்போது, எந்த நாள் எந்தக் கூத்து, படுகளம் காலை எத்தனை மணிக்கு என்று போட்டுத்தான் ஊர் ஊராகக் கொடுக்கிறார்கள். ஊர்ப்பணம் வசூலித்து நடத்துகிறவர்களால் முடிவது உங்களால் ஏன் முடியவில்லை?

போனது ஐந்து பாட்டுதானே என்று நினைக்காதீர்கள். வந்தவர்கள் நாற்பது வருடத்துக்கும் மேலாக வாசிக்கிறவர்கள். அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கடைசிக் கச்சேரியைப் பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார். அன்று அவரோடு மேடையில் இருந்த, அதே குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் ஷீட் மெட்டல் ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பிரஸ்ஸில் விரல் போனவர்களோடு தினமும் டீ குடிக்கிறவன் நான். இந்த இசை எனக்கு எங்கிருந்தோ வந்ததில்லை.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே ஒரு பாட்டிலை அறுபது ரூபாய்க்கு விற்கிறீர்கள். மேடைக்கு முன்னால் பாதி இடத்தை அதிக விலை டிக்கெட்டுக்கு என்று கயிறு கட்டிப் பிரிக்கிறீர்கள். அந்த இடம் கடைசிவரை நிரம்பவில்லை. பின்னால் நாங்கள் மூச்சு முட்ட நின்றோம். மூன்று முறை மெயில் அனுப்பியும் பதில் இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கச்சேரி நடத்துவது லேசான வேலை இல்லை என்று தெரியும். இத்தனை வருடமாக நீங்கள் முயற்சி எடுத்து இந்தக் குழுக்களைக் கூட்டி வந்ததால்தான், கிருஷ்ணகிரியில் இருக்கிற என்னைப் போன்றவன் அவர்களைக் கண்ணால் பார்த்தான். அந்த நன்றி எப்போதும் உண்டு.

அடுத்த டிக்கெட்டில் ‘கேட் திறப்பு’ என்ற வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: முக்கியக் குழு மேடையேறும் நேரம், கச்சேரி முடியும் நேரம். தாமதமானால் மைக்கில் வந்து சொல்லுங்கள். அடுத்த மாம்பழ சீசனிலும் பையன் ஆலைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் இதைச் செய்து கொடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ரசிகன்